இரண்டு மீற்றர் உயரத்தில் தொங்கிய படங்கள்

அவருடைய வீட்டில் படங்கள் எல்லாம் தரையிலிருந்து இரண்டு மீற்றர் உயரத்தில் தொங்கின. சட்டத்தின் மேல்விளிம்பைச் சொல்லவில்லை. படத்தின் நடுப்புள்ளியைச் சொல்கிறேன். அளந்து ஆணி அடித்தவள் நான்.

தொழிலில் ஒரு வழமை உண்டு. வீடோ காட்சிக்கூடமோ, படத்தின் நடு ஒன்றரை மீற்றரில் வரவேண்டும். சராசரி மனிதரின் கண் அங்கேதான் இருக்கிறதாம். முதல் நாள் நான் இதை விளக்கிச் சொன்னபோது அவர் தன் உயரத்திலிருந்து என்னைப் பார்த்தார்.

"சராசரி மனிசர் இந்த வீட்டில இல்லை, மேடம். நான் ஒராள்தான் இருக்கிறன்."

அவர் பேசியது ஆங்கிலம். ஆனால் எனக்குப் பிடித்தவர்களின் பேச்சு எந்த மொழியில் வந்தாலும் என் காதுக்குள் மன்னார்த் தமிழாகத்தான் இறங்கும். அப்படியே எழுதுகிறேன்.

ஆள் ஏழடி. அமெரிக்காவில் பிறந்து, ஐரோப்பாவில் ஆறேழு நாடுகளில் கூலிக்குக் கூடைப்பந்து விளையாடி, முழங்கால் தேய்ந்தபின் மனைவியின் ஊர் என்று மொன்றியலுக்கு வந்தவர். மனைவி போய்விட்டார், அவர் இருந்துவிட்டார். நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் ஒரு பழைய வீடு. அதற்குள் அவரும் எழுபது எண்பது ஓவியங்களும். பந்தில் உழைத்ததைச் சக ஆட்டக்காரர்கள் காரிலும் கழுத்துச் சங்கிலியிலும் போட்ட காலத்தில், இவர் சுவரில் போட்டார்.

அந்த வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி, படங்களுக்குச் சட்டம் போடும் கடையில் நான் வேலை செய்தேன். மன்னாரில் கன்னியர் மடப் பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பித்தவள். மொன்றியலுக்கு வந்து ஏழு வருடம் ஹொட்டேல் கட்டில்களுக்கு விரிப்பு மாற்றினேன். அதற்குப் பிறகுதான் இந்தக் கடை கிடைத்தது. நான் அளந்தால் இன்னொருவர் திரும்ப அளக்கத் தேவையில்லை என்று இந்த நாட்டில் முதன்முதலில் நம்பியவர் என் முதலாளி. நாங்கள் குடியிருந்த பியர்ஃபொன்ட்ஸிலிருந்து இரண்டு பஸ் பிடித்து, ஒன்றேகால் மணித்தியாலம் குலுங்கி வந்து சேருவேன். காய்ச்சலிலும் வந்திருக்கிறேன். இந்த வேலை போனால் திரும்ப விரிப்புத்தான் என்ற பயம் என் கைப்பையில் பஸ் பாஸோடு சேர்ந்தே கிடந்தது.

அவருடைய ஒரே பிடிவாதம், குனிவதில்லை என்பது. வெளியே அது நடக்காது. மெற்றோக் கதவு, பஸ், விமானம், டெப்பனர் என்கிற மூலைக்கடை வாசலில் தொங்கும் பீர் விளம்பரம், எல்லாவற்றுக்கும் குனிந்தே ஆகவேண்டும். ஆகவே வீட்டைத் தனக்கேற்றபடி மாற்றிவிட்டார். கதவு நிலைகளை உயர்த்தினார். சமையலறை மேசை என் நெஞ்சுக்கு வந்தது. கை கழுவ நான் குதிக்காலை உயர்த்தி நிற்க வேண்டும். கழிவறை இருக்கையைப் பற்றி எழுதப்போவதில்லை; வந்தவர்கள் அவரவர் கௌரவத்தைத் தங்களால் இயன்றவரை காப்பாற்றிக்கொண்டார்கள் என்று மட்டும் சொல்லலாம்.

"இருபது வருசம் ஹொட்டேல் ஷவருக்குக் கீழ முழங்காலில நிண்டு தலை முழுகினனான்," என்பார். "உங்கட சாமிமார் கூட அவ்வளவு நேரம் முழங்காலில நிண்டிருக்க மாட்டினம்."

படம் விற்கிறவர்கள் அவரை மோப்பம் பிடித்து வந்தார்கள். ஆரம்பத்தில் எல்லாருமே பந்தைத்தான் கொண்டுவந்தார்கள். எண்ணெய் வர்ணத்தில் பந்து, வெண்கலத்தில் பந்து. ஒருவர் பிய்ந்த பந்துகளின் தோலைத் தைத்துச் செய்த ஒட்டகத்தைக் கொண்டுவந்தார். அதன்பின் அவர் ஒரு விதி போட்டார். படத்தில் உருண்டையாக எதுவும் இருக்கக்கூடாது. நிலா கூடாது. தோடம்பழம் கூடாது. ஆப்பிள் கூடவே கூடாது.

"மூண்டாவது ஆப்பிளைக் கண்ட உடனே என்ர முழங்கால் நோகத் தொடங்குது, மேடம்."

ஒரு விற்பனைக்காரர் பழக்கிண்ண ஓவியம் ஒன்றைக் கொண்டுவந்து, தோடம்பழங்களைத் தன் கையால் மறைத்துப் பிடித்துக்கொண்டு வாழைப்பழத்தை மட்டும் காட்டியதை நான் பார்த்தேன். அவர் வாங்கவில்லை. "கையும் சேத்துத் தாறியளோ?" என்று மட்டும் கேட்டார்.

இனி, அந்த இரண்டு மீற்றர். அவ்வளவு உயரத்தில் தொங்கும் படத்தைக் கீழே நின்று பார்த்தால் கண்ணாடியில் கூரை விளக்கு தெரியும். கொஞ்சம் விலகினால் எதிர்ச்சுவர் தெரியும். இன்னும் விலகினால் உங்கள் நெற்றி தெரியும். படம் தெரியாது. ஆனால் வந்தவர்களில் ஒருவராவது "எனக்குத் தெரியேல்லை" என்று சொன்னதை நான் கேட்கவில்லை. கழுத்தைப் பின்னுக்கு மடித்து, கண்ணைச் சுருக்கி, "என்ன ஆழம்!" என்பார்கள். கூடத்து மூலையில் எப்போதும் ஓர் ஏணி நின்றது. ஏறிப் பார்க்கலாம். ஆனால் ஏறினால் இவ்வளவு நேரமும் தெரியவில்லை என்று ஒத்துக்கொண்டதாகிவிடும். நான் அறிய அந்த ஏணியில் ஏறியவள் நான் ஒருத்திதான். எனக்கு அது வேலை.

அந்தப் படங்களை ஒழுங்காகப் பார்த்தவர்கள் நாலு பேர். அவருடைய பழைய ஆட்டக் கூட்டாளிகள். ஒட்டாவாவிலிருந்து ஒருவர், ரொறன்ரோவிலிருந்து ஒருவர், இங்கேயே இரண்டு பேர். எல்லாருக்கும் இதே பைத்தியம். மாதத்தில் ஒரு சனிக்கிழமை கூடுவார்கள். மீன் சந்தையில் பாரைக்குப் பேரம் பேசுகிறவர்கள் மாதிரி சுவரோரம் நின்று சத்தம் போடுவார்கள். காசுக்கு வாங்கி விற்க மாட்டார்கள், மாற்றிக்கொள்வார்கள். "உன்ர ரெண்டு மரச்செதுக்குப் படமும், அடுத்த வருசம் நீ முதலில வாங்கப்போற படமும் தா. என்ர வெள்ளைக் குதிரையைக் கொண்டு போ." அப்படி நடக்கும். சட்டம் மாற்ற என்னைக் கூப்பிடுவார்கள்.

ஏன் இப்படி என்று ஒருநாள் கேட்டேன்.

"கழகங்கள் எங்களை மாத்தின மாதிரித்தான் நாங்களும் மாத்திறம்," என்றார் அவர். "என்னை ஒருக்கா ரெண்டு பெடியளுக்கும் ஒரு பழைய பஸ்ஸுக்கும் மாத்தினவை. அந்த பஸ் என்னைவிடக் கனகாலம் ஓடினது."

ஏழடிப் பந்துக்காரர் ஒருவரை எனக்குத் தெரியும் என்ற செய்தி எங்கள் கோயில் பங்கில் பரவாமல் இருக்குமா? பூசை முடிந்து வெளியே வந்தபோது விளையாட்டுக் குழுச் செயலாளர் என்னை மறித்தார். "அக்கா, அந்த மனிசனை எங்கட விளையாட்டு விழாவுக்கு ஒருக்காக் கூட்டிக்கொண்டு வாங்கோ. பெடியளுக்கு ரெண்டு நுணுக்கம் சொல்லிக்குடுத்தால் காணும். பேந்து அமெரிக்காவில ஸ்கொலர்ஷிப் எடுத்திடுவாங்கள்." செயலாளருடைய மகன் நாலடி எட்டு அங்குலம். நம்பிக்கைக்கு உயரம் தேவையில்லை.

அழைத்தேன். வந்தார். பரிசு கொடுத்தார். பிறகு எல்லாரும் அவரோடு படம் எடுக்க முண்டியடித்தார்கள். "அண்ணை, கொஞ்சம் குனியுங்கோ! அண்ணை!" என்று கமெராக்காரர் கைகாட்டிக் கத்தினார். அவருக்கு விளங்கியது, குனியவில்லை. கமெராக்காரரும் பின்னுக்குப் போகவில்லை, பின்னால் கொத்துரொட்டிக் கல் கொதித்துக்கொண்டிருந்தது. எங்கள் பங்கு மண்டபத்து ஆல்பத்தில் இன்றைக்கும் அவருக்குத் தலை இல்லை. ஒரு நீலக் கோட்டு, அதைச் சுற்றி முப்பது சிரித்த முகங்கள்.

அன்றைக்கு அவர் பந்தைத் தொடவே இல்லை. மேடைக் கதவுக்கு மேலே, கூரையோடு ஒட்டித் தொங்கிய திருஇருதய ஆண்டவரின் படத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். "இந்த நகரத்தில படத்தைச் சரியான உயரத்தில கொழுவத் தெரிஞ்ச ஆக்கள் உங்கட ஆக்கள் மட்டுந்தான்," என்றார். ஆண்டவரின் தலைக்குப் பின்னால் இருந்த உருண்டையை மன்னித்துவிட்டார்.

போகும்போது ஒன்று கேட்டார். "பின்வரிசையில நிண்ட அந்தப் பிள்ளை நிலத்தில என்னத்தைத் தேடினவ?"

"அது என்ர மகள்," என்றேன்.

மகளுக்கு அப்போது பதினாறு வயது, ஐந்தடி பதினொன்று. எங்கள் இரண்டு குடும்பத்திலும் இல்லாத உயரம். கலியாண வீடுகளில் பெண்கள் அவளை அண்ணாந்து பார்த்துவிட்டு என்னை அனுதாபத்தோடு பார்ப்பார்கள். நான் அவளுக்குக் குதியில்லாத சப்பாத்து வாங்கினேன். படம் எடுக்கும்போது "கொஞ்சம் குனிஞ்சு நில், பிள்ளை," என்பேன். கடைசியில் சொல்லத் தேவை இல்லாமல் போயிற்று. அவளே முதுகை வளைத்துக்கொண்டாள். அதைப் பணிவு என்று நினைத்து நான் சந்தோசப்பட்டிருக்கிறேன்.

இப்போது நான் விட்ட பிழைக்கு வருகிறேன்.

அவர் ஒரு பெரிய நீர்வண்ண ஓவியம் வாங்கினார். பனி உடைந்து நகரும் ஆறு, ஒரு கரை, கரையில் ஒரு மஞ்சள் கோடு. வரைந்த பெண்மணி காலமாகிவிட்டார். அந்த அளவுக்குக் கண்ணாடி போட்டால் ஆணி தாங்காது. அக்ரிலிக் தகடுதான் போட வேண்டும். முதலாளி வழமைபோலக் குளிருக்கு ஒளித்துப் புளோரிடாவில் வெயில் காய்ந்துகொண்டிருந்தார். எனக்கு அது முதல் அக்ரிலிக். தகட்டின் இரண்டு பக்கமும் கீறல் விழாமல் மெல்லிய நீலப் பொலித்தீன் ஒட்டியிருந்தது. உள்பக்கத்தை உரித்தேன், அது ஓவியத்தின் பக்கம். வெளிப்பக்கத்தை விட்டுவிட்டேன்.

மறந்து விடவில்லை. யோசித்து, மரியாதையோடு விட்டேன். எங்கள் வீட்டில் சோபா செற்றி வந்து ஒன்பது வருடம்; பிளாஸ்ரிக் உறை கழற்றவில்லை. ரிமோற் பொலித்தீன் பைக்குள். ரி.வி.யின் நெற்றியில் கடைக்காரன் ஒட்டிய தாள் அப்படியே. எங்களுக்குத் தெரிந்த எல்லா வீடுகளிலும் இதுதான் நிலைமை. புதுச் சாமானின் உறையை உரிக்கிற சந்தோசம் வாங்கினவருக்குச் சேரவேண்டியது. செய்து கொடுத்தவள் அதில் கைவைக்கக்கூடாது. அப்படித்தான் நினைத்தேன். கொண்டுபோய், ஏணியில் ஏறி, இரண்டு மீற்றரில் கொழுவிவிட்டு, நல்ல வேலை செய்தேன் என்ற நிறைவோடு பஸ் ஏறினேன்.

அடுத்த சித்திரையில், கடையில் முதலாளி இன்னொரு தகட்டின் வெளித்தோலைக் கரகரவென்று உரித்து எறிந்ததைப் பார்த்தேன்.

"அதை உரிக்கத்தான் வேண்டுமா?" என்று கேட்டேன்.

அவர் பிரெஞ்சில் சிரித்தார். "உரிக்காமல் ஒரு படம் என் கடையிலிருந்து போனால், மறுநாள் நான் கடையைப் பூட்டிவிட்டு மீன் பிடிக்கப் போய்விடுவேன். அதற்கு முதல், அதை அனுப்பியவரை வீட்டுக்கு அனுப்பிவிடுவேன்."

அன்று சோற்றுப் பெட்டியைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

சொல்லியிருக்கலாம், அடுத்த கிழமை சொல்லுவோம் என்று நினைத்தேன். அந்த அடுத்த கிழமைக்குள் ஒரு காட்சிக்கூடத்துப் பொறுப்பாளர் அம்மையார் அவர் வீட்டுக்கு வந்துபோனார். அந்தப் படத்துக்குக் கீழே நின்று, "இந்த மூடுபனி! இந்த அடக்கம்!" என்று கழுத்தில் சுற்றியிருந்த சால்வையை ஒருமுறை இறுக்கினார். வேறொருவர் "நினைவு மங்குவதை இப்படி எவரும் தீட்டியதில்லை," என்றார். மூன்றாமவர் ஒரு சஞ்சிகையில் அந்த மங்கலைப் பற்றி ஒரு பக்கம் எழுதினார். அந்தப் பக்கத்தை வீட்டுக்காரர் வெட்டி எடுத்துக் குளிர்ப்பெட்டியில் ஒட்டினார். அதையும் இரண்டு மீற்றரில்தான்.

இப்படி இரண்டு வருடம். நான் கடையில் இருந்துகொண்டு, அந்த அறிவாளிகளை நினைத்துச் சிரித்தேன். கணவரிடம் நடித்துக் காட்டினேன். அவர் சிரித்துவிட்டு, "இஞ்சேரும், முதலாளியிட்ட உண்மையைச் சொல்லிப்போடும்," என்றார்.

"சொன்னா வேலை போகும்."

அவர் பொலித்தீன் பையோடு ரிமோற்றை எடுத்தார். "அப்ப சொல்லாதையும்," என்றார்.

பாவசங்கீர்த்தனத்தில் சாமியிடம் சொல்லலாமா என்று பார்த்தேன். பத்துக் கட்டளைகளில் பொலித்தீன் எதற்குள் வரும் என்று தெரியவில்லை. காணாமற்போனதைக் கண்டுபிடித்துத் தருகிற அந்தோனியாரிடம், இதை மட்டும் ஒருவரும் கண்டுபிடிக்க விடாதேயும் என்று மெழுகுதிரி கொளுத்தினேன். அவருக்கு அப்படி ஒரு விண்ணப்பம் புதிதாக இருந்திருக்கும்.

பிறகு அந்த அறிவிப்பு வந்தது. அம்மையார் தன் காட்சிக்கூடத்தில், ஓய்வுபெற்ற ஆட்டக்காரர்கள் சேர்த்த ஓவியங்களைக் கண்காட்சியாக வைக்கிறார். நடுநாயகம் எங்கள் மூடுபனிப் படம். ஆனால் அங்கே எல்லாப் படமும் ஒன்றரை மீற்றரில்தான் தொங்கும். அவர் ஒருநாளும் ஒத்துக்கொள்ள மாட்டார் என்று நிம்மதியாக இருந்தேன். ஒத்துக்கொண்டார். மறுபேச்சில்லாமல், அந்த நிமிடமே. ஒன்றரை மீற்றரில், மூக்கு முட்டும் தூரத்தில், அது பொலித்தீன் என்று ஐந்து வயதுப் பிள்ளைக்கும் தெரியும்.

படங்களை அளந்து பெட்டிக்குக் குறிப்பெடுக்க ஒரு சனிக்கிழமை என்னை அனுப்பினார்கள். மகளையும் கூட்டிக்கொண்டு போனேன், அளவு நாடா பிடிக்க என்று. உண்மையில், ஏணியை இழுத்தால் சத்தம் கேட்கும். அவளுக்கு ஏணி தேவையில்லை.

அவர் சமையலறையில் தொலைபேசியில் இருந்தார். மகளைப் படத்துக்கு முன்னால் நிறுத்தினேன்.

"நிமிந்து நில்," என்றேன் மெதுவாக.

"என்ன?"

"நிமிந்து நில்லு பிள்ளை. கையை உயத்து."

அவள் என்னைப் பார்த்த பார்வை இப்போதும் நிற்கிறது. "இவ்வளவு நாளும் குனி குனி எண்டனீங்கள்."

"அது பேந்து கதைப்பம். மேல் மூலையில நகத்தைக் குடுத்து மெல்ல இழு. ஒரு பொலித்தீன் வரும். கிழியாமல் இழு."

"ஏன்?"

"அம்மாவின்ர வேலை, பிள்ளை. கேள்வி கேளாதை."

அவள் நிமிர்ந்தாள். எவ்வளவு உயரமான பிள்ளை என்று எனக்கே அன்றுதான் தெரிந்தது. இடது மூலையைத் தடவினாள்; வலது மூலையைத் தடவினாள். "அம்மா, இஞ்ச ஆரோ ஏற்கெனவே உரிச்சிருக்கினம். உரிச்சுப்போட்டுத் திரும்ப ஒட்டியிருக்கு."

"அது நான்தான்," என்றது பின்னாலிருந்து ஒரு குரல். தமிழ் விளங்காவிட்டாலும் அவள் விரல் நின்ற இடம் அவருக்கு விளங்கியது. "நீங்கள் கொழுவிப்போட்டுப் போன அண்டைக்கே உரிச்சுப் பாத்தனான், மேடம். பாத்திட்டு ஒட்டி வைச்சனான்."

மகளின் கையைப் பிடித்துக் கீழே இறக்கினேன். "அப்ப ஏன் ஒண்டும் சொல்லேல்லை?"

"ஆராவது ஒராள் சொல்லட்டும் எண்டு பாத்துக்கொண்டிருக்கிறன். ரெண்டு வருசம். என்ர கூட்டாளிமார் நாலு பேருக்கும் தெரியும். ஒருத்தரும் சொல்ல மாட்டினம் எண்டு நாலு பேரும் பந்தயம். சொல்லுவினம் எண்டு கட்டினது நான் ஒராள்தான்."

மகள் இடையில் புகுந்தாள். நல்ல ஆங்கிலத்தில், மூச்சு விடாமல். "என்ர அம்மா ஏமாத்தேல்லை. வீட்டில வந்து பாருங்கோ, எங்கட வீட்டில ஒண்டுமே உரிக்கிறேல்லை. செற்றி, ரிமோற், லாம்பு எல்லாம் பொலித்தீனோடதான். எங்கட ஆக்கள் அப்பிடித்தான். இது அவ மரியாதைக்கு விட்டது."

அவர் அதைக் கேட்டுச் சிரித்தார். வீடு அதிரச் சிரித்தார். "ரிமோற்றுமோ?" என்று திரும்பக் கேட்டார். பிறகு சிரிப்பை நிறுத்தினார்.

"சரி, அது முதல் நாள். பேந்து?"

அவள் என் பக்கம் திரும்பினாள். இரண்டு பேரும், அந்த உயரத்திலிருந்து, என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"பயம்," என்றேன். "வேலை போயிடும் எண்டு பயம்."

அவர் தலையாட்டினார். உட்காரவில்லை, சுவரில் சாய்ந்துகொண்டார். "ஒரு முழு வருசம் கிழிஞ்ச முழங்காலோட ஓடினனான், மேடம். டொக்டருக்குத் தெரியும். பயிற்சியாளருக்குத் தெரியும். எனக்கும் தெரியும். வடிவா ஓடுறாய், வடிவா ஓடுறாய் எண்டு எல்லாரும் சொன்னவை. ஒராள் வாயைத் திறந்திருந்தால் இண்டைக்கு நான் நேரா நடப்பன்."

நான் பொலித்தீனைக் காட்டினேன். "இப்ப உரிச்சு விடட்டோ?"

"தொடாதையுங்கோ. அப்பிடியே போகட்டும். கீழ, எல்லாற்ற கண்ணுக்கும் முன்னால தொங்கட்டும்." கதவு வரைக்கும் வந்தார். "இவ்வளவு நாளும் வந்தவை தெரியாமல் புகழ்ந்தவை. நீங்கள் தெரிஞ்சுகொண்டு பேசாமல் இருந்தனீங்கள். எது பெரிய பொய் எண்டு எனக்குச் சொல்லத் தெரியேல்லை, மேடம். நீங்கள் படிப்பிச்சனீங்கள். உங்களுக்குத் தெரியும்."

கோபமில்லாத குரல். திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

பஸ்ஸில் மகள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தாள். அடுத்த பத்து நாளும் என்னோடு கதைத்தது, உப்பைத் தாங்கோ, கதவைப் பூட்டுங்கோ என்பதோடு சரி. பிள்ளைகள் நம்மை வெறுப்பார்கள் என்று பயந்துதான் வளர்க்கிறோம். மதிக்காமல் விடுவார்கள் என்ற பயம் எனக்கு அதுவரை வந்ததில்லை.

கண்காட்சி ஒரு ஞாயிறு பின்னேரம் திறந்தது. மகள் வரமாட்டாள் என்றிருந்தேன். சப்பாத்தை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். காட்சிக்கூடம் நிறைய ஆட்கள். நாலு நெட்டைக் கூட்டாளிகளும் ஒரு மூலையில் மரங்களைப்போல நின்றார்கள். நடுச்சுவரில், ஒன்றரை மீற்றரில், என் பொலித்தீன்.

பகல்போல வெளிச்சம். மேல் மூலையில் அவர் உரித்து ஒட்டிய சுருக்கம் தெரிந்தது. கீழ் விளிம்பில் ஒரு காற்றுக் கொப்புளம், கட்டைவிரல் அளவு. நான் சுவரோடு சுவராக நின்று, யாராவது கத்துவார்கள் என்று காத்திருந்தேன். ஆட்கள் ஒவ்வொருவராகக் கிட்டப் போனார்கள். மூக்கு முட்டும் தூரத்தில் நின்றார்கள். கொப்புளத்தைப் பார்த்தார்கள். பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். "கிட்ட வந்தால் இன்னும் மூட்டமாகிறது," என்றார் ஒருவர். "ஆம், அது நம்மை உள்ளே விட மறுக்கிறது," என்றார் மற்றவர்.

என் முதலாளியும் வந்திருந்தார். முப்பது வருடம் சட்டம் போட்ட மனிதர். மூக்குக்கண்ணாடியை உயர்த்திக்கொண்டு கிட்டப் போனார். அவருடைய பிடரி சிவந்ததை நான் கண்டேன். திரும்பி, கூட்டத்துக்குள் என்னைத் தேடிப் பிடித்து ஒரு பார்வை பார்த்தார். கடையின் பெயர் படத்தின் பக்கத்தில் அட்டையில் இருந்தது. அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். "அற்புதம்," என்றார் பக்கத்தில் நின்றவரிடம். போகிற போக்கில் என் காதருகே, "ஒரு வார்த்தை பேசாதீர்கள்," என்றார்.

ஆக, வேலை தப்பிவிட்டது. நான் செய்ய வேண்டியதெல்லாம், இரண்டு வருடமாகச் செய்ததை இன்னும் ஒரு பின்னேரம் செய்வது.

அம்மையார் சிறு உரை நிகழ்த்தினார். மூடுபனிக்குப் பதினைந்து நிமிடம் எடுத்தது. முடிவில், "இந்தப் படத்துக்குச் சட்டம் போட்டவரும் இங்கே இருக்கிறார்," என்று ஆங்கிலத்தில் சொல்லி, என் கையைப் பிடித்து முன்னுக்கு இழுத்தார். "அதனோடு நெருக்கமாக இருந்த விரல்கள் இவருடையவை. சொல்லுங்கள், இந்த மூட்டத்தில் நீங்கள் எதைக் கண்டீர்கள்?"

அவர் கூட்டத்தின் கடைசியில் நின்றார். எல்லாத் தலைக்கும் மேலே அவருடைய முகம் தனியாகத் தெரிந்தது. சிரிக்கவில்லை, கண்ணைக் காட்டவில்லை. படங்களுக்கு முன்னால் எப்படி நிற்பாரோ அப்படி, பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்குப் பக்கத்தில், அவருடைய தோளுக்குச் சற்றுக் கீழே, என் மகளின் முகம். முதலாளி தன் வைன் கிளாஸுக்குள் எதையோ கவனமாகப் பார்த்தார்.

"அது மூடுபனி இல்லை," என்றேன் ஆங்கிலத்தில். என் குரல் எனக்கே கேட்கவில்லை. கொஞ்சம் உரத்துச் சொன்னேன். "அது பொலித்தீன். தகட்டோடு வருகிற பொலித்தீன். நான்தான் உரிக்காமல் விட்டேன். இரண்டு வருடமாக எனக்குத் தெரியும்."

அம்மையார் என் கையை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது. "பொலித்தீன்!" என்றார் கூட்டத்தைப் பார்த்து. "நமக்கும் ஆற்றுக்கும் நடுவில் நாமே ஒட்டிவைத்த பொலித்தீன்! என்ன ஒரு உருவகம்!" கை தட்டினார்கள். ஒருவர் அதைக் குறிப்பேட்டில் எழுதினார். முதலாளி, ஆங்கிலம் அவ்வளவாகப் பிடிபடாதவரைப்போல முகத்தை வைத்துக்கொண்டு, தானும் தட்டினார்.

நான் சொல்லிவிட்டேன், இனி என் பிழையில்லை என்று நினைத்தேன். உண்மையைச் சொல்லியும் வேலை இருக்கிறது. இப்படி ஒரு அதிர்ஷ்டம் யாருக்குக் கிடைக்கும்? பின்னுக்குப் போகத் திரும்பினேன்.

"அம்மா!" மகள் கூப்பிட்டாள். தமிழில், அந்தக் கூடம் முழுக்கக் கேட்க. கூனாமல், கூச்சமில்லாமல், அத்தனை தலைக்கும் மேலாக. "இவைக்கு விளங்கேல்லை. இன்னொருக்காச் சொல்லுங்கோ."

நான் அவளைப் பார்த்தேன். பிறகு அவரைப் பார்த்தேன். அவர் இன்னும் காத்துக்கொண்டு நின்றார்.

படத்தின் பக்கம் திரும்பி, கீழ் விளிம்பில் இருந்த கொப்புளத்தின் மேல் விரலை வைத்து, இரண்டாம் தடவை பிரெஞ்சில் சொன்னேன். முதலாளிக்குப் பிரெஞ்சு நன்றாக விளங்கும்.